மறுமுனையில் யார்?

கென்யாவில் எச்.ஐ.வி. தொற்றுக்காக ஏஆர்டி மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சிலருக்கு வாரந்தோறும் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘மாம்போ?’ சுவாஹிலி பேசுகிறவர்கள் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் கேட்டுக்கொள்கிற ‘எப்படி இருக்கீங்க?’ அது. மாத்திரையைப் பற்றி ஒரு சொல் இல்லை, நோயைப் பற்றியும் இல்லை. நன்றாக இருந்தால் ‘சாவா’ என்று பதில் போட வேண்டும். ஏதாவது பிரச்சினை என்றால் ‘ஷிடா’. ‘ஷிடா’ என்றவர்களையும், இரண்டு நாளாகியும் பதிலே போடாதவர்களையும் செவிலியர் போனில் கூப்பிட்டு விசாரித்தார்.

‘வெல்டெல்’ என்ற இந்த ஏற்பாடு உண்மையில் பலன் தருகிறதா என்று பார்க்க, 2007-இல் தொடங்கி மூன்று மருத்துவமனைகளில் 538 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். 273 பேருக்குச் சிகிச்சையோடு குறுஞ்செய்தியும் போனது. 265 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஓராண்டு முடிவில், ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் வந்திருந்தவர்கள் முதல் பிரிவில் 57 சதவீதம், மற்றதில் 48 சதவீதம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் 62 சதவீதம், 50 சதவீதம். 2010-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. மருந்தை மாற்றவில்லை. மருத்துவர்களைக் கூட்டவில்லை. வாரம் ஒரு நலவிசாரிப்புதான் கூடுதலாகச் சேர்ந்தது.

அப்போதிலிருந்து ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் செல்போன் வழி மருத்துவ சேவைகள் நூற்றுக்கணக்கில் முளைத்திருக்கின்றன. கர்ப்பிணிகளுக்குக் குரல்வழி அறிவுரை, வீடியோ அழைப்பில் மருத்துவர், போலி மருந்தைக் கண்டுபிடிக்கும் எண், மருத்துவச் செலவுக்கான செல்போன் பணப்பை என்று வகை வகையாக. சிலவற்றை மக்கள் கோடிக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். பல, நிதி தீர்ந்த மறுமாதமே காணாமல் போயின. ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளும் மக்கள் இன்னொன்றை ஏன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை? இதைத் தேடிப் போன ஆய்வாளர்களுக்குக் கிடைத்த விடைகளில் தொழில்நுட்பத்தின் பங்கு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது.

தினமும் வந்தால் காது கேட்காது

நினைவூட்டல்தான் பலன் தருகிறது என்றால், அடிக்கடி நினைவூட்டினால் பலன் கூட வேண்டும். மேற்குக் கென்யாவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஏஆர்டி நோயாளிகளில் சிலருக்குத் தினமும் குறுஞ்செய்தி, சிலருக்கு வாரம் ஒருமுறை. சிலருக்குச் சுருக்கமாக, சிலருக்கு ஆறுதல் வார்த்தைகளோடு நீளமாக. 48 வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வாரம் ஒருமுறை செய்தி பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் பத்துக்கு ஒன்பது வேளையாவது மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள். செய்தியே பெறாதவர்களில் இது 40 சதவீதம். தினமும் செய்தி பெற்றவர்களிடமோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. கூடுதலாகச் சேர்த்த ஆறுதல் வார்த்தைகளும் எடுபடவில்லை. நாள் தவறாமல் வருகிற செய்தி சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மாதிரி ஆகிவிடுகிறது. அறையில் இருக்கும், காதில் விழாது.

கேமரூனின் தலைநகர் யாவுண்டேயில் 200 பேரிடம் ஆறு மாதம் நடந்த இன்னொரு ஆய்வில், வாரந்தோறும் ஊக்கமூட்டும் குறுஞ்செய்தி போயிற்று. அங்கே குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. வாரக்கணக்கு ஒன்றே, விளைவு வேறு. அப்படியானால் எண்ணிக்கைக்கு அப்பால் ஏதோ இருக்கிறது. 2015-இல் இதுபோன்ற ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதைப் பிடித்தார்கள். ஒருவழியாக அனுப்பிவிட்டுப் போகும் செய்திகளால் மாத்திரை சாப்பிடும் ஒழுங்கு ஏறக்குறைய மாறவே இல்லை. பதில் எதிர்பார்க்கும் இருவழிச் செய்திகளால் அது சுமார் 23 சதவீதம் கூடியது.

‘மாம்போ?’வின் சூட்சுமம் இதுதான். அதில் நோயாளிக்குத் தெரியாத தகவல் எதுவும் இல்லை. ஆனால் பதிலுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். பதில் போடாமல் இருந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு போன் வரும் என்பதும் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு. அந்தச் செய்தியை மாமியாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, முதலாளியோ பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் வீட்டையும் வேலையையும் இழக்க நேரும் ஊரில், ‘மாத்திரை சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கும் செய்தி உதவியைவிட ஆபத்தையே அதிகம் கொண்டுவரும். ரகசியம் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை வராதவரை இப்படிப்பட்ட சேவைக்குள் யாரும் காலடி வைப்பதில்லை.

அலுவலகத்தில் பிறந்த சூத்திரம்

புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சூத்திரம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்தது. ‘இதனால் எனக்குப் பயன் உண்டா? இதைப் பயன்படுத்துவது எளிதா?’ என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒருவர் மனத்தில் கிடைக்கும் விடையே முடிவைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட மற்றவர்களும் எட்டுக் கோட்பாடுகளைச் சேர்த்து இதை விரித்தார்கள். பயன், எளிமை ஆகியவற்றோடு, சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், பயன்படுத்தத் தேவையான வசதிகள் கைக்கெட்டுகின்றனவா என்ற இரண்டும் சேர்ந்தன. வளரும் நாடுகளில் செல்போன் மருத்துவத்தைப் பற்றி நடக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி இன்றும் இந்தச் சூத்திரங்களை வைத்தே கேள்வித்தாள் தயாரிக்கிறது.

சூத்திரம் தவறில்லை. ஆனால் அது எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். டேவிஸ் முதலில் சோதித்தது டொராண்டோவில் ஐபிஎம் நிறுவன ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களிடம். கம்ப்யூட்டரை நிறுவனமே வாங்கிக் கொடுத்துவிட்டது. மின்சாரம் எப்போதும் இருக்கிறது. திரையில் வரும் மொழி அவர்களுக்குத் தெரிந்த மொழி. இதைத் தொடலாமா என்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இவை எல்லாம் ஏற்கெனவே அமைந்த இடத்தில் பயனும் எளிமையும் மட்டும் மிஞ்சி நிற்கும். அமையாத இடத்தில் கேள்விகளின் வரிசையே மாறிவிடும்.

வங்கதேசத்தில் முதியவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த மாற்றத்தைக் காட்டியது. பயன், எளிமை, சுற்றத்தாரின் சொல் ஆகிய மூன்றும் அங்கேயும் எடுபட்டன. அவற்றோடு, கருவியைத் தொடவே பயம், இத்தனை காலப் பழக்கத்தை மாற்றத் தயக்கம் என்ற இரண்டும் சேர்ந்து முடிவைத் தீர்மானித்தன. எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுவோமோ, காசு போய்விடுமோ என்ற பயத்தைச் செயலியின் வடிவமைப்பு மட்டும் போக்கிவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு பேத்தி வேண்டியிருக்கிறது.

செல்போன் யார் கையில்?

2010-இல் வடகிழக்கு கானாவின் கசேனா-நங்கானா பகுதியில் ‘மோட்டெக்’ என்ற திட்டம் கர்ப்பிணிகளுக்குச் செல்போன் வழி ஆலோசனை தரத் தொடங்கியது. எழுத்தறிவு குறைந்த பகுதி. உள்ளூர் மொழிகளைப் பேசுவார்கள், பலருக்கு எழுதிப் படித்துப் பழக்கமில்லை. குறுஞ்செய்தியா, குரல் செய்தியா என்று கேட்டபோது மிகப் பெரும்பாலோர் குரலையே தேர்ந்தெடுத்தார்கள். மொழிப் பிரச்சினை தீர்ந்ததும் அடுத்த பிரச்சினை எழுந்தது. செல்போன் கணவரிடம் இருந்தது. அவர் வயலிலோ சந்தையிலோ இருக்கும்போது, அவர் மனைவியின் கர்ப்பத்தைப் பற்றிய அறிவுரை அவர் காதில் ஒலித்தது.

இந்தியாவில் ‘கில்காரி’ சேவையும் இதே சுவரில் முட்டியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் தொடங்கிய இந்தச் சேவையில், கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வாரம் ஓர் அழைப்பு வீதம் 72 அழைப்புகள் வரும். டாக்டர் அனிதா என்ற கற்பனைப் பாத்திரம் பேசுவார். கட்டணம் கிடையாது, படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அரசுப் பதிவேட்டில் இருந்த எண் பல வீடுகளில் கணவருடையது. சிம் மாற்றியதால் செத்துப்போன எண்களும் ஏராளம். மத்தியப் பிரதேசத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், கில்காரி கேட்டவர்களிடையே நவீன கருத்தடை முறைகளின் பயன்பாடு சற்றுக் கூடியிருந்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வழக்கத்தில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. கருத்தடை என்பது கணவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. செல்போன் அவர் கையில் இருந்தது இந்த ஒன்றில் பாதகமாக இல்லாமல் போயிருக்கலாம்.

வங்கதேசத்தின் ‘அபோன்ஜோன்’ சேவை இந்தக் குடும்ப நிலவரத்தைத் தடையாகப் பார்க்காமல் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டது. கர்ப்பிணிக்குத் தனிச் செய்தி, கணவருக்கும் மாமியாருக்கும் தனிச் செய்தி. வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரிடமே பேசிவிடுவது. பெண்ணின் சுதந்திரம் பற்றிய நம் கொள்கைக்கு இது உவப்பாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் மருத்துவமனைக்கு வண்டி பிடிக்கச் சம்மதிக்க வேண்டியவர் காதில் செய்தி விழாவிட்டால் கர்ப்பிணி மட்டும் கேட்டு என்ன ஆகும்?

யார் காசு?

மிஸ்டு கால் கொடுக்கத் தெரியாத ஏழை நாடு உலகில் இல்லை. மணி அடித்துவிட்டுத் துண்டித்தால் காசு போகாது; வசதி உள்ளவர் திரும்பக் கூப்பிடட்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. கணக்கில் காசில்லாதவர் ‘தயவுசெய்து என்னைக் கூப்பிடு’ என்ற குறுஞ்செய்தியை இலவசமாக அனுப்பலாம். 2008-இல் ‘மசிலுலேகே’ என்ற திட்டம் இந்தச் செய்திகளின் அடியில் காலியாகக் கிடந்த இடத்தைக் கவனித்தது. நாள்தோறும் சுமார் பத்து லட்சம் செய்திகளில், எய்ட்ஸ் உதவி மையத்தின் எண்ணையும் அதை அழைக்கச் சொல்லும் ஒரு வரியையும் உள்ளூர் மொழியில் சேர்த்தார்கள். உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள் சுமார் மூன்று மடங்காயின. எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ளச் சொல்லவில்லை. புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. மக்கள் ஏற்கெனவே அன்றாடம் செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

இதைவிடத் துல்லியமான பாடம் தான்சானியாவில் இருக்கிறது. நாள்கணக்கில் நீளும் தடைப்பட்ட பிரசவத்தால் சில பெண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்துவிடும். சிறுநீர் ஓயாமல் கசியும். நாற்றத்துக்கு அஞ்சிக் கணவர் விலக்குவார், ஊர் ஒதுக்கும். அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தார் எஸ் சலாமில் உள்ள சிசிபிஆர்டி மருத்துவமனை இதை இலவசமாகவே செய்துவந்தது. ஆனாலும் படுக்கைகளுக்குப் போதிய ஆள் வரவில்லை. இலவச சிகிச்சை இருக்கும் செய்தியே பலரை எட்டவில்லை. எட்டியவர்களிடமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை.

2009-இல் மருத்துவமனை ‘எம்-பெசா’வைக் கையில் எடுத்தது. கென்யாவில் 2007-இல் தொடங்கிப் பிறகு தான்சானியாவுக்கும் வந்த செல்போன் பணப் பரிமாற்றம் அது. ஊர் ஊராகத் தொண்டர்களை நியமித்தார்கள். இப்படி அவதிப்படும் பெண்ணைத் தொண்டர் கண்டுபிடித்து மருத்துவமனைக்குச் சொன்னதும், பேருந்துக் கட்டணம் தொண்டரின் செல்போனுக்கு வந்துவிடும். அவர் டிக்கெட் எடுத்து ஏற்றி அனுப்புவார். நோயாளி வந்து சேர்ந்ததும் தொண்டருக்கும் சிறு தொகை உண்டு. அடுத்தடுத்த ஆண்டுகளில் அங்கே நடந்த அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தது. இங்கே செல்போன் எந்த மருத்துவ ஆலோசனையும் தரவில்லை. சிகிச்சைக்கும் நோயாளிக்கும் நடுவே நின்ற பேருந்துக் கட்டணம் என்ற தடையை நீக்கியது.

போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது?

சான்சிபார் தீவில் 2,550 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வொன்று நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஒரு பிரிவினருக்குக் குறுஞ்செய்திகளும், மருத்துவச்சியை அழைத்துப் பேச செல்போன் வவுச்சரும் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் உதவியோடு பிரசவித்தவர்கள் அந்தப் பிரிவில் 60 சதவீதம், மற்றதில் 47. நல்ல வெற்றி. ஆனால் பிரித்துப் பார்த்தால் உயர்வு முழுவதும் நகரத்துப் பெண்களிடம்தான். கிராமத்துப் பெண்களிடம் மாற்றம் தெரியவில்லை. செய்தி ஒன்றுதான், நகரத்துப் பெண்ணால் அதன்படி நடக்க முடிந்தது. சாலையும் வாகனமும் மருத்துவமனையும் தொலைவில் இருப்பவருக்கு ‘மருத்துவமனையில் பிரசவியுங்கள்’ என்ற செய்தி வெறும் ஏக்கமாகவே நிற்கும்.

போய்ச் சேர்ந்தாலும் மருந்து இருக்க வேண்டும். தான்சானியாவின் மூன்று மாவட்டங்களில் 129 சுகாதார நிலையங்களில் மலேரியா மருந்து இருப்பை வாராவாரம் குறுஞ்செய்தியில் தெரிவிக்கச் சொன்னது ‘உயிருக்காக எஸ்எம்எஸ்’ என்ற திட்டம். தொடங்கிய வாரத்தில் 78 சதவீத நிலையங்களில் ஏதாவது ஒரு மலேரியா மருந்து தீர்ந்துபோயிருந்தது. 21-ஆம் வாரத்தில் அது 26 சதவீதமாக இறங்கியது. பதில் அனுப்பும் ஊழியருக்குச் செல்போன் கணக்கில் சிறு தொகை ஏறியது. அவர்கள் தவறாமல் அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். நோயாளிகளுக்கு இந்தத் திட்டத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் போன தடவை மருந்தில்லை என்று திருப்பி அனுப்பிய இடத்துக்கு அடுத்த தடவை செல்போன் சொல்லியும் போகமாட்டார்கள். மருந்து கிடைத்த இடத்துக்கு யாரும் சொல்லாமலே போவார்கள்.

நடுவில் ஒரு மனிதர்

தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் தொடங்கிய ‘மாம்கனெக்ட்’ சில ஆண்டுகளிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைச் சென்றடைந்தது. கர்ப்பிணி முதன்முதலாகப் பரிசோதனைக்கு வரும்போது, அங்கேயே செவிலியர் முன்னிலையில் பதிவு நடந்தது. சாதாரண பட்டன் போன் போதும், அவருக்குச் செலவில்லை. அவர் திரும்பக் கேள்வி கேட்கலாம், மருத்துவமனையைப் பற்றிப் புகாரும் சொல்லலாம். புகார்கள் குவியும் என்று எதிர்பார்த்த இடத்தில் பாராட்டுகளே அதிகம் வந்தன.

இந்தியாவின் ‘இ-சஞ்சீவனி’ சொல்லும் கணக்கு இன்னும் சுவையானது. 2019 நவம்பரில் தொடங்கிய இந்த அரசுத் தொலைமருத்துவ சேவை, 2023 பிப்ரவரிக்குள் பத்துக் கோடி ஆலோசனைகளைக் கடந்தது. அப்போது மாநிலங்களில் ஆந்திரத்துக்கு அடுத்து இரண்டாம் இடம் தமிழ்நாட்டுக்கு. பயனாளிகளில் 57 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். தெற்காசியாவில் மொபைல் இணையம் பயன்படுத்துவோரில் பெண்கள் ஆண்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருக்கிறார்கள். 2024-இல் வெளியான ஜிஎஸ்எம்ஏ அமைப்பின் அறிக்கைப்படி இடைவெளி 31 சதவீதம். போனில் பின்தங்கியவர்கள் போன்வழி மருத்துவத்தில் எப்படி முந்தினார்கள்?

வீட்டிலிருந்தபடி தானே மருத்துவரை அழைக்கும் வசதியும் இ-சஞ்சீவனியில் உண்டு. ஆனால் மிகப் பெரும்பாலான ஆலோசனைகள் அந்த வழியில் நடக்கவில்லை. ஊரிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்கு நோயாளி வருகிறார். அங்குள்ள ஊழியர் ரத்த அழுத்தம் பார்த்து, தன் திரையில் மருத்துவரை வரவழைத்து, நோயாளி சொல்வதை எடுத்துச் சொல்கிறார். மருத்துவர் சொன்னதை விளக்குகிறார். கருவி, சிக்னல், மொழி, பயம் எல்லாவற்றையும் அந்த ஊழியர் தாங்கிக்கொள்கிறார். பெண்ணிடம் சொந்த செல்போன் இல்லாதது அங்கே ஒரு பொருட்டாக இல்லை.

நாளைக்கும் இருக்குமா?

ருவாண்டாவில் 2016-இல் ‘பேபில்’ என்ற சேவை வந்தது. லண்டனைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் கிளை. *811# என்று அழுத்தினால் போதும், முதலில் செவிலியர், தேவைப்பட்டால் மருத்துவர் பேசுவார். மருந்துச் சீட்டு குறுஞ்செய்தியில் எண்ணாக வரும். நாட்டின் சமூகக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்க அரசும் ஒப்பந்தம் போட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். அங்கே எளிமை, மலிவு, அரசின் ஆதரவு மூன்றும் இருந்தன. 2023-இல் தாய் நிறுவனம் திவாலானதும் ருவாண்டாவில் சேவை நின்றது. லண்டன் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் ருவாண்டா கிராமத்து நோயாளிக்கும் தொடர்பிருந்தது அன்றுதான் வெளியே தெரிந்தது.

இப்படித் தொடங்கி நிற்பவை பெருகியதால், உகாண்டாவின் சுகாதார அமைச்சகம் 2012-இலேயே புதிய முன்னோட்டத் திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை போட்டது. அரசு அமைப்போடு பொருந்தாமல் ஆளுக்கொரு திட்டம் நடத்திவிட்டுப் போவதை நிறுத்த அதுவே வழி என்று கருதினார்கள். ஒரு சேவை நின்றால் இழப்பு அதோடு முடிவதில்லை. அடுத்து வருபவர் என்ன சொன்னாலும், ‘போன வருஷமும் இப்படித்தான் ஒருத்தர் வந்து நம்பர் எழுதிக்கிட்டுப் போனாரு’ என்ற பதிலைத் தாண்டித்தான் பேச வேண்டியிருக்கும்.

ஆகவே மக்கள் ஒரு சேவையை ஏற்கவில்லை என்றால், அதை அறியாமை என்றோ பழமைப்பிடிப்பு என்றோ எழுதிவிடுவது பெரும்பாலும் பிழையான கணிப்பு. ரகசியம் வெளியே போகலாம், காசு யார் கொடுப்பது, போன இடத்தில் மருந்து இல்லை, அடுத்த வருடம் இந்த எண் வேலை செய்யாது என்று அவர்கள் போட்ட கணக்கு பல முறை சரியாகவே இருந்திருக்கிறது. செயலி எழுதும் செலவு ஒருமுறைச் செலவு. அதன் மறுமுனையில் பதில் சொல்லும் செவிலியரின் சம்பளம், பேருந்துக் கட்டணம், மாத்திரை இருப்பு ஆகியவை ஒவ்வொரு மாதமும் வரும் செலவு. அந்த மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் அரசுதான் செல்போன் மருத்துவத்தை உண்மையில் தொடங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும்.